கங்காணி என்று யாரைச் சொன்னாய்?

அயர்லாந்தின் கார்க் நகரத்து மழையைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் என் பிள்ளைக்கு, மலேசியாவில் சுங்கைப்பட்டாணியிலிருந்து உன் அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே என்னை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுகிறாய். எழுத்தில் அப்படிச் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடி என் வருங்கால மருமகள் நீவின் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறாய் என்று சொன்னாய். அதற்கு முன்னால் இதை நீ வாசித்துவிட வேண்டும். நின்றுகொண்டு வாசிக்காதே. உட்கார்ந்து வாசி.

இன்று காலை நாங்கள் பசியாறிக்கொண்டிருந்தபோது கோயில் குருக்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். உங்கள் கல்யாணத்துக்கு வேண்டிய மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்டு வந்தார். "டீச்சர், மாப்பிள்ளை பக்கம் முடிஞ்சிருச்சி. பொண்ணு பக்கம் சொல்லுங்க. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. வெள்ளக்காரப் பேரா இருந்தா என்னா, மெதுவா சொன்னீங்கன்னா புடிச்சிக்குவேன்" என்றார். உங்கப்பா தோசையிலிருந்து தலையைத் தூக்காமல், "நாளைக்குச் சொல்றோம் சாமி" என்றார். "நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க. எனக்கு வாய்ல வரணும்லா, பழக வேணாமா?" என்று குருக்கள் சிரித்துக்கொண்டே போனார். அவர் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. உங்கப்பா தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அந்த மனுசன் வருவாரா, மாட்டாரா? ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றார். அந்த மனுசன் என்றால் நீவின் அப்பா.

தாரை வார்க்கும் நேரத்தில் என்ன நடக்கும் என்று நீ பல கல்யாணங்களில் பார்த்திருக்கிறாய். ஆனால் அப்போதெல்லாம் நீ சாப்பாட்டுப் பக்கம்தான் பார்த்திருப்பாய். பெண்ணின் அப்பா எழுந்து நிற்பார். குருக்கள் உரக்கச் சொல்வார்: இன்னாருடைய கொள்ளுப்பேரன், இன்னாருடைய பேரன், இன்னாருடைய மகன் என்று உன்னை. அதேபோல் இன்னாருடைய கொள்ளுப்பேத்தி, பேத்தி, மகள் என்று நீவை. அதற்குப் பிறகுதான் பெண்ணின் அப்பா உங்கள் கைகளைச் சேர்த்து நீர் விடுவார். போன மாதம் வீடியோவில் நீவ் காட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா? அவள் அப்பா சமையலறைத் தொட்டிக்கு முன்னால் பால் ஜக்கைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் மெல்லிசாக நீர் விடப் பழகிக்கொண்டிருந்தார். "இவ்வளவு போதுமா, இன்னும் மெதுவாகவா?" என்று என்னிடம் கேட்டார். மாடு வளர்க்கும் பெரிய கைகள். நான் போனை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், உன்னிடம் சொல்லவில்லை. அந்த மனிதர்தான் மூன்று வாரமாக வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

மூன்று வாரம் முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என்ன நடந்தது என்று உன் வாயாலும் கேட்டேன், நீவ் வாயாலும் கேட்டேன். நீ சொன்னது இது. சாப்பாட்டு மேசையில் நீவின் அப்பாவும் மாமாவும் அயர்லாந்து சுதந்திரக் கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் அரசோடு செய்த ஒப்பந்தத்தை ஏற்றது சரியா தப்பா என்று பேச்சு. உன் கருத்தைக் கேட்டார்கள். நீ ஆதாரத்தோடு பேசினாய். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நீவ் சொன்னது இது. ஒப்பந்தச் சண்டை அந்த வீட்டில் வருடா வருடம் நடக்கும் விளையாட்டு. அப்பா வீட்டார் ஒப்பந்தத்தை ஏற்ற பக்கம், மாமா வீட்டார் எதிர்த்த பக்கம். நூறு வருடத்துக்கு முன் அந்தப் பிரிவினால் அண்ணன் தம்பியே எதிரெதிரே துப்பாக்கியோடு நின்ற ஊர் அது. இப்போது உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டே சிரித்துப் பேசும் அளவுக்கு வந்திருக்கிறார்கள். மாமா உன்னைச் சீண்டுவதற்காக, "டாக்டர் என்ன சொல்கிறார்?" என்றார். நீ போனை எடுத்தாய். பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றைக் காட்டினாய். நீவ் வீட்டாரைப் போலவே மர்ஃபி என்ற குடும்பப் பெயருள்ள போலீஸ்காரர் ஒருவர் கோர்ட்டில் நின்று, தன் வட்டாரத்து இளைஞர்கள் இரண்டு பேரை அடையாளம் காட்டினார் என்று அதில் இருந்தது. "இவர் உங்கள் தாத்தாதானே?" என்று நீவின் அப்பாவிடம் கேட்டாய். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "எங்கள் தோட்டங்களில் இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு பெயர் உண்டு. கங்காணி. வெள்ளைக்காரனுக்காகச் சொந்த ஜனத்தைப் பிடித்துக்கொடுப்பவன்" என்றாய். அவர் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்தார். கன்றுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். காபி ஆறும்வரை வரவில்லை.

இரண்டு பேர் சொன்னதிலும் பொய் இல்லை, தம்பி. நீ சொன்னதில் சிரிப்பு விடுபட்டுப் போயிற்று, அவ்வளவுதான். அவர்கள் சிரித்துக்கொண்டு பேசினார்கள் என்பதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. விளையாட்டுக்கு நடுவே நீ கத்தியை எடுத்தாய் என்பது, அந்தச் சிரிப்பு தெரிந்தால்தானே புரியும்? இல்லாததைச் சேர்ப்பது மட்டும் தப்பான சாட்சி இல்லை. இருந்ததை விடுவதும்தான். உன் சித்தி விஷயத்தில் போன மாதம் நாம் இதைத்தான் பட்டோம். "அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்தா நான் வாசல்ல கால் வைக்க மாட்டேன்" என்று அவள் குரல் பதிவை யாரோ வெட்டிக் குடும்ப குரூப்பில் போட்டார்கள். வீடே இரண்டுபட்டது. முழுப் பதிவைக் கேட்டால், "எனக்கு மருதாணி வச்சி விடாம அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்தா நான் வாசல்ல கால் வைக்க மாட்டேன், சொல்லிட்டேன் ஆமா!" என்று சிரிக்கிறாள். ஒரே குரல், ஒரே வாய். ஆனால் அந்த நடுத்துண்டை மட்டும் கேட்டுவிட்டு உங்கப்பா அவளோடு பேசாமல் இருந்தார்.

அன்றைக்கு நீ எனக்கு அனுப்பிய குரல் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. "நான் சும்மா பேசலம்மா, ப்ரூஃப் வச்சிதான் பேசினேன். ஹிஸ்டரி டீச்சர் மகன்லா?" என்கிறாய். அந்தப் பெருமையை எனக்குத் தராதே, சாமி. வகுப்பில் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். நாசி லெமாக் சோறு மடித்து வந்த பத்திரிகைத் தாளை விரித்து, எண்ணெய்க் கறையோடு மாணவர்களிடம் கொடுப்பேன். "இதில் என்ன நடந்திருக்கிறது, சொல்லுங்கள்" என்பேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் மெதுவான பிள்ளைதான், "டீச்சர், மேல் பாதி எங்கே?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குத்தான் நான் மார்க் போடுவேன். நீ எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளையாகவே இருந்துவிட்டாய்.

நீ அனுப்பிய அந்தத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு நான் பல நாள் உட்கார்ந்தேன். மேல் பாதி இல்லை. எந்தப் பத்திரிகை என்று தெரியவில்லை. அந்தக் காலத்து அயர்லாந்தில் நிலக்காரர்களும் அரசாங்கமும் சொல்வதைப் போட்ட பத்திரிகையும் உண்டு, விடுதலைக்காரர்கள் பக்கம் நின்ற பத்திரிகையும் உண்டு. ஒரே கோர்ட் செய்தியை இரண்டும் ஒரே மாதிரி எழுதியிருக்காது. வழக்கு என்னவாயிற்று என்று இல்லை. அந்தப் போலீஸ்காரர் தானாகப் போய்ச் சொன்னாரா, சத்தியம் செய்து கூண்டில் நிற்கவைத்துக் கேட்டபோது சொன்னாரா என்று இல்லை. மர்ஃபி என்ற குடும்பப் பெயர் மட்டும் இருக்கிறது. புக்கிட் செலம்பாவ் சந்தையில் நின்று "முனியாண்டி!" என்று கூப்பிட்டுப் பார், எத்தனை தலை திரும்பும் என்று. கார்க்கில் மர்ஃபி அப்படிப்பட்ட பெயர் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். உன் வார்டிலேயே மூன்று மர்ஃபிகள் படுத்திருந்து மருந்து மாறப் பார்த்தது என்று சொல்லிச் சிரித்தாயே! நோயாளிக்கு ஊசி போடும்முன் முழுப் பெயரும் பிறந்த தேதியும் கேட்கிற நீ, செத்துப்போனவருக்கு அதைக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடித்தது வேறொன்று. அந்தத் துண்டில் மர்ஃபி என்ற பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருக்கிறது. நீ போட்டதா என்று கேட்டேன். இல்லை, இணையத்தில் அயர்லாந்து வரலாற்றைப் பற்றிச் சண்டை போடும் குழு ஒன்றில் அப்படியே கிடைத்தது என்றாய். அப்படியென்றால் நீ பத்திரிகையை வாசிக்கவில்லை, தம்பி. யாரோ ஒருவருடைய வட்டத்தை வாசித்தாய். அந்த ஆள் யார், எந்தக் கட்சி, யாரை மட்டம் தட்ட அந்த வட்டத்தைப் போட்டார், வட்டத்துக்கு வெளியே எதை வெட்டினார்? முழுப் பக்கத்தைத் தேடி அனுப்பு என்று கேட்டேன். நீ அதே துண்டைக் கொஞ்சம் பெரிதாக்கி அனுப்பினாய்.

ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். நீவின் கொள்ளுத்தாத்தா அந்த மர்ஃபி இல்லை என்று நான் சொல்லவில்லை. அவராகவே இருக்கலாம். தன் ஊர்ப் பையன்களைக் காட்டிக்கொடுத்தே இருக்கலாம். நீவுக்கே தெரிந்தது கொஞ்சம்தான். கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் ஆட்சியின் போலீஸில் இருந்தார். ஒருநாள் விட்டுவிட்டார். இங்கிலாந்துக்குப் போய்ச் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பினார். ஏன் விட்டார், எப்போது விட்டார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. அந்த வருடங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாராம். அந்தப் போலீஸில் பெரும்பாலோர் அந்த நாட்டுப் பிள்ளைகள்தான். நிலம் மூத்தவனுக்குப் போய்விட்டால் இளையவனுக்குச் சம்பளமும் பூட்ஸும் கிடைக்கிற வேலை அது. அதில் சிலர் உடுப்பைக் கழற்றிப் போட்டார்கள், சிலர் உடுப்போடு இருந்துகொண்டே எதிர்ப்பக்கத்துக்குத் தகவல் கொடுத்தார்கள், சிலர் கடைசிவரை விசுவாசமாக இருந்தார்கள். இவர் எந்தச் சிலர் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த வருடம் நாடு என்னவாகும் என்று அன்றைக்கு அவர்களுக்கே தெரியாது. ஒப்பந்தத்துக்குக் கை தூக்கியவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் தெரியாது. முடிவு தெரிந்த நாம் போய், "இது கூடவா தெரியவில்லை?" என்று அவர்களைக் கேட்கிறோம்.

இனி நம் கதைக்கு வருகிறேன். கங்காணி என்று சொன்னாயே, அந்த வார்த்தைக்கு.

போன வருடம் தோட்டத்து மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நீ நீவைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அதற்குச் சில மாதம் முன்னால் சிறப்பு மலர் போடுவதற்காகக் கோயில் கமிட்டி கூடியது. கோயில் வரலாற்றை என்னை எழுதச் சொன்னார்கள். கோயிலைக் கட்டியது உன் கொள்ளுத்தாத்தா வீராசாமிக் கங்காணி. அதில் சண்டை இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்பதில்தான். கோயில் கொட்டகையில் மாரியப்பண்ணன் எழுந்து, "டீச்சர், எங்க தாத்தா முதுகுல கங்காணி பிரம்புத் தழும்பு ஒண்ணு இருந்திச்சே, அது மலர்ல வருமா? கலர்ல போடுவீங்களா, கறுப்பு வெள்ளையா?" என்று கேட்டார். சரோஜாக்கா விடவில்லை. "ஜப்பான்காரன் காலத்துல எங்க வீட்டுக்கு மரவள்ளி குடுத்து உசுரக் காப்பாத்தினது யாரு? ஒங்க தாத்தனா?" "எங்க தாத்தனுக்கே மரவள்ளி இல்லலா! அதையும் ஒங்க கங்காணிதான் பூட்டி வச்சிருந்தாரு." கொட்டகை முழுக்கச் சிரிப்பு. சரோஜாக்காவும் சிரித்துவிட்டார். உங்கப்பா மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கங்காணியின் பேரன்.

நான் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினேன். கப்பலில் ஆள் கொண்டுவந்து தலைக்கு இவ்வளவு என்று வாங்கியவர் அவர்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவர்களின் லயத்து வீட்டுக் கதவைப் பிரம்பால் தட்டியவரும் அவர்தான். ஊரிலிருந்து வந்த கடிதங்களை வாசித்துக் காட்டியவர், கல்யாணம் பேசி முடித்தவர், ஒரு பெண்ணை வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு அனுப்ப மாட்டேன் என்று நின்றவர் என்றும் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, அவர் கண்ணால் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா, கங்காணிக்கு அவர் உறவா, அடி வாங்கியவர் வீடா என்று குறித்தேன். கமிட்டித் தலைவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னா டீச்சர், இது மலரா, போலீஸ் ரிப்போட்டா?" என்றார். ஆனாலும் வெட்டாமல் போட்டார்கள். அச்சுக்குப் போகும் முன்பே உங்கப்பா அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "பங்களா விசயம் யாரு சொன்னா?" என்று கேட்டார். "சொன்னவரும் கேள்விப்பட்டதுதானாம்" என்றேன். "அப்ப அதையும் அப்படியே போடு, நம்ம பக்கம்னு தூக்கிப் புடிக்காத" என்றார். எனக்கு உங்கப்பாவைப் பிடித்துப்போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

கும்பாபிஷேகத்தன்று என்ன நடந்தது? முதல் மரியாதைக்கு, "கங்காணி வீட்டுப் பிள்ள எங்க? வாப்பா, முன்னால வா!" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். நீ பட்டு வேட்டியோடு போனாய். தலை குனிந்து மாலை வாங்கினாய். நெற்றி நிறைய விபூதி. நான்தான் போட்டோ எடுத்தேன். இன்னும் உன் முகநூலில் இருக்கிறது. அந்த நேரத்தில் மாரியப்பண்ணன், எப்போதும் செய்வதுபோல், செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே போயிருந்தார். மாலை முடிந்ததும் திரும்பி வந்து உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார். உனக்கு ஏன் முதல் மாலை என்று நீவ் கேட்டாள். "எங்க குடும்பம்தான் கோயிலைக் கட்டிச்சி" என்றாய். அது உண்மைதான்.

அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பிறகு நீவ் என்னைக் கூப்பிட்டாள். அழவில்லை. அவள் கேட்ட கேள்வியை நான் இன்னும் ஜீரணித்துக்கொண்டிருக்கிறேன். "அத்தை, கங்காணி என்றால் துரோகியா? கோயிலில் மாலை போடும்போது இவரை அதே வார்த்தை சொல்லித்தானே கூப்பிட்டார்கள்? எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையா?" என்றாள். அவளுக்குச் சரியாகத்தான் விழுந்தது. தமிழ் தெரியாத பெண், ஆயிரம் சத்தத்துக்கு நடுவே மைக்கில் ஒருமுறை கேட்ட வார்த்தையைப் பிடித்து வைத்திருந்திருக்கிறாள். நீ கோயிலில் ஒரு பாதியைச் சொன்னாய், அவள் வீட்டு மேசையில் மறு பாதியைச் சொன்னாய். நல்ல பாதியை மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டாய். கெட்ட பாதியை எடுத்து அவள் கொள்ளுத்தாத்தா கழுத்தில் போட்டாய். நான் அவளுக்கு முழுதும் சொன்னேன். "இதை அவர் என் அப்பாவிடம் சொன்னாரா?" என்றாள். சொல்லவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இதைத்தான் நான் உனக்குச் சொல்ல வருகிறேன். ஆதாரம் என்பது தாளில் இருப்பது மட்டும் இல்லை. அதை எடுத்துக் காட்டுகிறவன் எங்கே நிற்கிறான் என்பதும் அதில் சேரும். மலரில் நான் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் எழுதினேனே, உறவா, அடி வாங்கியவர் வீடா என்று, அந்தக் குறிப்பு அன்றைக்கு உன் பேச்சுக்குப் பக்கத்திலும் இருந்திருக்க வேண்டும். "நானும் கங்காணியின் கொள்ளுப்பேரன்தான். எங்கள் ஊரில் ஒருவர் எங்களுக்கு மாலை விழும்போது இன்னும் வெளியே போய்ச் செருப்புத் தேடுகிறார்" என்று நீ ஆரம்பித்திருந்தால், அது வேறு பேச்சாகியிருக்கும். ஒருவேளை நீவின் அப்பாவும் தன் தாத்தாவைப் பற்றி வாய் திறந்திருப்பார். அவருக்கு அது பத்திரிகைத் துண்டு இல்லை, தம்பி. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு கன்றுகளைப் பார்க்கக் கூட்டிப்போன கிழவர். அந்தக் கிழவர் பேச்சு வந்தால் எழுந்து போனார். பேரனும் எழுந்து போகிறார். எங்கே கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறாய்?

எனக்கு இப்போது உள்ள பயத்தையும் சொல்லிவிடுகிறேன். நேற்று நீ, "பேசித் தீத்துடலாம்மா, நான் இன்னும் தேடி வச்சிருக்கேன்" என்றாய். தேடி வைத்ததைக் கொண்டுபோகாதே. அவர் தாத்தா நல்லவர் என்று நிரூபிக்கிற தாள் கிடைத்திருந்தாலும் கொண்டுபோகாதே. உன் சமாதானத்துக்காக நீ அவசரமாகக் கண்டுபிடித்த நல்ல மர்ஃபியும், அந்தக் கெட்ட மர்ஃபியைப்போல வேறு யாராகவோ இருக்கலாம். வரலாறு பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நான் வாங்கிய சம்பளத்துக்கே அர்த்தம் இல்லை. மாமாவோடு ஒப்பந்தத்தைப் பற்றி நன்றாகச் சண்டை போடு. அன்றைய தலைவர்களின் முழுப் பேச்சையும் வாசித்துவிட்டுப் போடு. ஒருவர் அன்றைக்கே சொன்னதா, முப்பது நாற்பது வருடம் கழித்து நினைத்துச் சொன்னதா என்று பார்த்துவிட்டுப் போடு. உனக்குத் தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல். மாமா அதற்கும் உன்னைக் கிண்டல் செய்வார். செய்யட்டும்.

ஆனால் நீவின் அப்பாவிடம் நீ சண்டை போட வேண்டியதில்லை, கேட்க வேண்டியது ஒன்றுதான். குருக்கள் கேட்ட மூன்றில் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயர் வேண்டும். கேட்டால் நீவ் எனக்குச் சொல்லிவிடுவாள். நான்தான் வேண்டாம் என்றேன். அந்தப் பெயர் அவள் அப்பா வாயிலிருந்து வர வேண்டும், உன் காது வழியாக வர வேண்டும். மண்டபத்தில் குருக்கள் மைக்கில் முதலில் வீராசாமி என்று சொல்வார், உன் பக்கம். அடுத்து அந்தப் பெயரைச் சொல்வார், அவள் பக்கம். பிரம்பு வைத்திருந்தவரும் உடுப்புப் போட்டிருந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள். மாரியப்பண்ணனுக்கு அழைப்பு வைத்திருக்கிறோம்; அவரும் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அன்றைக்கு யாரும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இவர்களிடமிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று மட்டும் சொல்லப் போகிறோம். அதைச் சொல்லும்போது பக்கத்தில் அந்தப் பெரிய கைகள் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

குருக்கள் நாளைக் காலையும் வருவார். உங்கப்பா நாளைக்கும் நாளைக்கு என்றுதான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பேச்சு நடுவில் நீவின் அப்பா கன்றுகளைப் பார்க்க எழுந்தால், நீயும் எழுந்து பின்னாலேயே போ. மழை பெய்தாலும் போ. வீராசாமிக் கங்காணி யார் என்று முதலில் நீ சொல், தழும்பையும் சேர்த்து. பிறகு அவர் தாத்தாவின் பெயரைக் கேள், அதை எப்படி உச்சரிப்பது என்றும் கேள். அவர் சொல்லாமல் இருந்தால் அவரோடு கொஞ்ச நேரம் சும்மா நில்.

போனை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போ.

அம்மா